டாப் டான்ஸுக்குத் தமிழ்ல என்ன?

'சிங்கிங் இன் த ரெயின்' (1952)ங்கற ஹாலிவுட் படத்தப் பத்திப் பேச்செடுத்தாலே ஜீன் கெல்லி குடைய வச்சுகிட்டு மழைல ஆடுனதத்தான் எல்லாரும் சொல்லுவாங்க, அதுலயும் அன்னைக்கு அவருக்கு 103 டிகிரி காய்ச்சல்ங்கறத மறக்காம சேத்துக்குவாங்க. எனக்கு என்னமோ அவரும் டொனால்ட் ஓ'கானரும் அந்த உச்சரிப்பு வாத்தியார ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டு மேஜை மேல ஏறி ஆடுற சீன்தான். ஒருதடவ கண்ண மூடிட்டு அத கேட்டுப் பாருங்க, நாலு காலு தட்டுது, காதுக்கு ஒரே ஆளு தட்டுற மாதிரி இருக்கும்.

இந்த ஆட்டத்துக்குப் பேரு டாப் டான்ஸ். இத தமிழ்ல எழுதறதுக்குள்ள உயிர் போயிடும். டாப்னு எழுதுனா 'டாப்பு டக்கரு' டாப் ஆயிடுது (1935ல பிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் நடிச்ச படத்து பேரே 'டாப் ஹேட்', அந்த டாப்பு வேற, உள்ள ஆடுற டாப்பு வேற!). சரி டேப்னு எழுதலாம்னா ஒண்ணு தண்ணிக் குழாய், இல்லனா ஒட்டுற டேப்பு. இங்கிலீஷ்லயே குழாய் டாப்பும் ஆட்டத்து டாப்பும் எழுத்து ஒண்ணுதான், ஆனா வேரு வேற. குழாயோடது பீப்பாய் ஓட்டைய அடைக்கற கட்டைலருந்து வந்த பழைய இங்கிலீஷ் சொல்லு, ஆட்டத்தோடது பழைய பிரெஞ்சுலருந்து வந்தது, லேசா தட்டறதுன்னு அர்த்தம். இதுல இன்னொரு சங்கதி, செருப்புத் தைக்கறவங்க அடில வச்சு அடிக்கற துண்டுக்கும் டாப்னுதான் பேரு, இன்னைக்கு டாப் ஷூல முன்கால்ல ஒண்ணு குதிகால்ல ஒண்ணுன்னு இருக்கற உலோகத் தகட்டுக்கும் அதேதான். ஆக தட்டறதும் டாப், தட்டற தகடும் டாப்.

ஆட்டம் எங்கருந்து வந்துச்சுன்னா அமெரிக்காவுல அடிமையா இருந்த கறுப்பினத்தவங்ககிட்டருந்து. 1739ல தெற்கு கரோலினாவுல அடிமைங்க கலகம் பண்ணாங்க, அடுத்த வருசமே சட்டம் போட்டு கொட்டு மேளத்தப் பிடுங்கிட்டாங்க, ஏன்னா கொட்டுச் சத்தத்துல சேதி அனுப்பிடுவாங்கன்னு பயம். கொட்டு போனா என்ன, கையும் தொடையும் தரையும் இருக்குல்ல? அதுல தாளம் போட்டாங்க. அதோட அயர்லாந்துக்காரங்க ஜிக்ங்கற நாட்டுப்புற ஆட்டமும் இங்கிலாந்து லங்காஷயர் மில்லு ஆளுங்க மரச்செருப்பு ஆட்டமும் நியூயார்க் மாதிரி ஊர்ல கலந்துதான் இப்ப பாக்கற டாப். ஆனா சினிமாவுல பேரு வாங்குனது பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான். கறுப்பின ஆட்டக்காரங்களான பில் ராபின்சன், நிக்கோலஸ் சகோதரர்கள் எல்லாம் ஆடுன சீன, நிறவெறி இருந்த அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்ல வெட்டிப்புட்டு ஓட்டறதுக்கு வசதியா கதையோட ஒட்டாம தனியா வப்பாங்க. 1943ல 'ஸ்டார்மி வெதர்'ல அந்தச் சகோதரர்கள் படிக்கட்டுல ஒருத்தர ஒருத்தர் தாண்டித் தாண்டி கால விரிச்சு இறங்குறத பாத்துட்டு வந்து அப்புறம் யாரு பெரிய ஆளுன்னு சொல்லுங்க.

சரி, தமிழ்ச் சொல்லு. 'காலடித்தாள நடனம்'னு நீட்டி முழக்கலாம், ஒருத்தரும் வாயால சொல்ல மாட்டாங்க. என் ஓட்டு 'தட்டாட்டம்'. கரகாட்டம் ஒயிலாட்டம் கோலாட்டம் வரிசைல அப்படியே போய் உக்காந்துக்குது, அது மட்டுமில்ல, பரதத்துல மொதல் பாடமே தட்டடவுதான, அரைமண்டில உக்காந்து 'தெய்யா தெய்'னு உள்ளங்கால தரைல தட்டறது. காலால தட்டறதுக்கு நம்மகிட்ட சொல்லு ஏற்கனவே இருக்கு. இன்னும் பாருங்க, தமிழ்ல தட்டுன்னா அடிக்கறதும் தட்டுதான், சாப்பிடற தட்டும் தட்டுதான், அந்த இங்கிலீஷ் டாப்புக்கு இருந்த ரெட்டை அர்த்தம் கிட்டத்தட்ட அப்படியே இங்கயும் வந்துடுது!

தட்டு மேல நின்னு ஆடுற குச்சிப்புடி தரங்கத்தோட குழம்பாதான்னு கேக்கலாம். நியாயம்தான், ஆனா அதுக்கு தரங்கம்னு தனிப் பேரு இருக்கு, பொழச்சுக்கும்.

வாக்கியத்துல போட்டா இப்படி வரும்: 'சிங்கிங் இன் த ரெயின் கதாநாயகி டெபி ரெனால்ட்ஸ் 19 வயசுல தட்டாட்டமே தெரியாம வந்து கால்ல ரத்தம் வர்ற அளவுக்கு ஆடுனாங்க.' 'ஜிஞ்சர் ரோஜர்ஸ் கால்லருந்து கேக்கற தட்டுச் சத்தம் பல படத்துல பின்னாடி ஸ்டூடியோவுல ஹெர்மீஸ் பான்ங்கற ஆம்பள தட்டிச் சேத்தது.'