நட்ஜ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முழங்கையால் லேசாக இடிப்பார். பாயசம் வருகிறது, கவனி என்று அர்த்தம். நீங்கள் வாங்காவிட்டாலும் அவர் கோபிக்க மாட்டார். இந்த இடிக்குத்தான் ஆங்கிலத்தில் 'நட்ஜ்' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் உள்ள சொல். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு.

2008-ல் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் இந்தச் சொல்லையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார்கள். அதிலிருந்து இது அரசாங்கச் சொல்லாகிவிட்டது. எதையும் தடுக்காமல், பெரிய பரிசோ அபராதமோ காட்டாமல், நம் முன்னால் வாய்ப்புகளை அடுக்கும் விதத்தை மட்டும் மாற்றுவதுதான் நட்ஜ். வேண்டாமென்றால் சுலபமாக விலகிக்கொள்ளலாம். கேன்டீனில் பழத்தைக் கண்ணுக்கு நேரே வைப்பது நட்ஜ். பொரித்த பண்டத்துக்குத் தடை போட்டால் அது நட்ஜ் ஆகாது. பிரிட்டன் அரசு 2010-ல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. வரி பாக்கி வைத்தவர்களுக்குப் போகும் கடிதத்தில், 'பெரும்பாலானோர் உரிய காலத்தில் கட்டிவிடுகிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். பணம் முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. தேலருக்கு 2017-ல் நோபல் பரிசு. இந்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையும் இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது.

தமிழில் 'இடிப்பு' என்று வைக்கலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வள்ளுவரின் 'இடிக்கும் துணையார்' அரசனையே கண்டித்துத் திருத்துகிறவர்கள். நட்ஜ் யாரையும் கண்டிப்பதில்லை. 'ஊக்கம்' என்றால் ஊக்கத்தொகை நினைவுக்கு வரும். 'உந்துதல்' ராக்கெட்டுக்குப் பொருந்தும்.

என் மனம் 'தூண்டல்' பக்கம்தான். விளக்குத் திரியைத் தூண்டுவதைப் பாருங்கள். எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது, சுடரும் இருக்கிறது, மங்கிவிட்டது, அவ்வளவே. குச்சியால் திரியை நகக்கண் அளவு மேலே தள்ளினால் வெளிச்சம் நிமிர்கிறது. கூடுதலாகத் தள்ளினால் புகைதான். திருமறைக்காட்டுக் கோயில் விளக்கில் ஓர் எலி மூக்கைச் சுட்டுக்கொள்ள, அந்த அசைவில் திரி தூண்டப்பட்டுச் சுடர் எழுந்த கதையை அப்பர் பாடும்போது 'தூண்ட' என்ற இதே சொல்லைத்தான் கையாள்கிறார். அவ்வளவு சின்ன அசைவுக்கும் தமிழில் இந்தச் சொல் பொருந்தியிருக்கிறது.

ஒரே இடைஞ்சல், சட்டத்தில் 'தற்கொலைக்குத் தூண்டியதாக' வழக்குப் பதிகிறார்கள். இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் இருக்கிறது. அதனால் 'மென்' சேர்த்து 'மென்தூண்டல்' என்கிறேன். மென்பொருள் பழகிய நாவுக்கு இது கடினமில்லை.

இதே உத்தியைத் திருப்பிப் போட்டும் ஏமாற்றுகிறார்கள். போன மாதம் ஒரு இணையதளத்தில் பஸ் டிக்கெட் எடுத்தேன். நன்கொடைக் கட்டத்தில் எனக்கு முன்பே டிக் விழுந்திருந்தது. அதை எடுக்கும் இடத்தைத் தேடிக் களைத்தேன். இப்படிக் கூடையில் நைசாகச் சேர்ப்பது உள்பட 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. விலகும் வழியை மறைத்த எதையும் மென்தூண்டல் என்று எழுதாதீர்கள். அதற்குத் தமிழில் 'சூழ்ச்சி' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.