ஷெவெல் எஸ்எஸ் 454: அந்த இன்ஜின் அந்தக் காரோடு பிறந்ததா?

1970இல் ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454 கார் இரண்டு வகை இன்ஜினோடு கிடைத்தது. இரண்டுமே 454 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 7.4 லிட்டர். எல்எஸ்5 வகைக்கு 360 குதிரைத்திறன், எல்எஸ்6 வகைக்கு 450. ஷெவெல்லில் எல்எஸ்6 வந்தது அந்த ஒரு வருடம் மட்டும்தான். அதே உடம்பில் செய்த எல் கமினோ என்ற பிக்கப் வண்டியையும் சேர்த்து எல்எஸ்6 பொருத்தியவை மொத்தம் 4,475. அமெரிக்க மஸில் கார்களின் (பெரிய, அதிகத் திறனுள்ள இன்ஜின் பொருத்திய கார்கள்) உச்சம் இதுதான் என்று சொல்பவர்கள் நிறைய. தொழிற்சாலையிலேயே எல்எஸ்6 பொருத்திய காருக்கும், பிற்பாடு யாரோ அந்த இன்ஜினை இறக்கிவைத்த காருக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் போலிகள் பிழைக்கின்றன.

நம் ஊர் ஆர்சி புக்கில் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் அச்சாகியிருக்கும். அமெரிக்க உரிமைப் பத்திரத்தில் பொதுவாக வாகன அடையாள எண் மட்டும்தான் இருக்கும். 1970 ஷெவெல்லில் அந்த எண் 13 இலக்கம். 136370கே என்று தொடங்கினால், 1 ஷெவர்லே, 36 வி8 இன்ஜின் உள்ள மாலிபு (ஷெவெல்லின் உயர்வகை), 37 இரண்டு கதவு கூபே, 0 என்பது 1970, கே என்பது கன்சாஸ் சிட்டி தொழிற்சாலை. மிச்சம் ஆறு இலக்கம் வரிசை எண். இதில் எஸ்எஸ் என்ற தகவலே கிடையாது, ஏனென்றால் அந்த வருடம் எஸ்எஸ் என்பது மாலிபுவோடு கேட்டு வாங்கும் ஒரு கூடுதல் தொகுப்பு. எந்த வி8 என்பதும் கிடையாது. அதே காலத்து கிரைஸ்லர் கார்களில் ஐந்தாவது எழுத்தைப் பார்த்தாலே போதும், ஆர் என்றிருந்தால் 426 ஹெமி என்ற இன்ஜின். ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் இன்ஜினுக்கான எழுத்தை அடையாள எண்ணில் சேர்த்தது 1972இல்தான். ஆக, 1970 ஷெவெல்லில் இன்ஜின், கியர்பாக்ஸ், ரியர் ஆக்ஸில் ஆகிய இரும்புத் துண்டுகளையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் எந்த எண்ணும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. தேதிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையில் வருகின்றனவா, அந்த எண்களை அடித்த கருவியின் தடம் சரியாக இருக்கிறதா, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் சாட்சி. விற்பவர்கள் பலரும் எண்ணை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். வாங்குபவர் அங்கே நிறுத்தக் கூடாது.

இன்ஜின் பிளாக்கில் எண்கள் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று வார்ப்பிலேயே வந்தது, இன்னொன்று பிற்பாடு பஞ்ச் என்ற எஃகு முத்திரைக் கருவியால் அடித்தது. மணல் அச்சில் உருக்கிய இரும்பை ஊற்றும்போதே வரும் எண் புடைத்து நிற்கும். எல்எஸ்6 பிளாக்கின் பின்பக்க விளிம்பில் 3963512 என்று இருக்க வேண்டும். ஆனால் எல்எஸ்5க்கும் அதே வார்ப்புதான், பிந்தைய 454களிலும் அது வந்தது. எனவே அந்த எண் இருப்பதால் எதுவும் உறுதியாகாது, இல்லாவிட்டால் மட்டும் அங்கேயே பேச்சு முடிந்தது. அதைவிடப் பயனுள்ளது வார்ப்புத் தேதி. மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். 'சி 5 0' என்றால் 1970 மார்ச் 5. தேதி உள்ள சிறு தகட்டை அச்சில் அவ்வப்போது மாற்றுவார்கள். புடைத்த எண்ணைச் சுற்றியுள்ள இரும்பில் மணலின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருக்கும். தேதியைத் தேய்த்து மாற்றியிருந்தால் அந்த ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

அடித்த எண் இருப்பது பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சின்னத் தட்டைப் பரப்பில். அங்கே 'டி0316சிஆர்வி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டி என்பது நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா இன்ஜின் தொழிற்சாலை, 0316 மார்ச் 16, சிஆர்வி என்பது நான்கு கியர் மேனுவல் பெட்டியோடு போகவேண்டிய எல்எஸ்6. ஆட்டோமேட்டிக் என்றால் சிஆர்ஆர். இதில் வருடம் இல்லாததைக் கவனியுங்கள். வருடத்தை வார்ப்புத் தேதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதே பரப்பில் இன்னொரு வரி: '10கே', அதன்பின் ஆறு இலக்கம். 1 ஷெவர்லே, 0 வருடம், கே கன்சாஸ் சிட்டி, மீதி அந்தக் காரின் வரிசை எண். டேஷ்போர்டில் கண்ணாடி வழியாகத் தெரியும் அடையாள எண்ணோடு இது ஒத்துப்போக வேண்டும்.

போலி செய்பவரும் இந்தப் பரப்பைத்தான் குறிவைப்பார். பழைய எண்ணை அரைத்து எடுத்துவிட்டு வேண்டிய எழுத்தை அடிப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தப் பரப்பு எப்படி உருவானது என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். அது சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்தளத்தின் நீட்சி. தொழிற்சாலையில் அந்தத் தளம் முழுவதையும் புரோச் என்ற கருவி ஒரே இழுப்பில் செதுக்கிவிடும். வரிசையாகப் பல பற்கள் உள்ள கருவி அது. ஒவ்வொரு பல்லின் முனையிலும் உள்ள நுண்ணிய மழுங்கலும் பிசிறும் இரும்பில் ஒரு கோடாக விழும். அந்தக் கோடுகள் முன்னிருந்து பின்னாக நேராக ஓடும். தட்டைப் பரப்பில் தெரியும் கோடு ஹெட்டுக்கு அடியிலும் தொடர்ந்து போகும். சுழலும் கட்டர் வைத்துத் தளத்தை மட்டம் செய்திருந்தால் கோடுகள் வில்லாக வளைந்திருக்கும். உப்புத்தாள் வைத்து இழுத்திருந்தால் நேராகத்தான் இருக்கும், ஆனால் ஹெட் கேஸ்கெட் விளிம்போடு நின்றுவிடும்.

இனி எழுத்துக்கு வருவோம். பஞ்ச் இறங்கும்போது இரும்பு கொஞ்சம் ஒதுங்கி எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வரப்பாக எழும். புரோச் கோடுகள் எழுத்தின் விளிம்புவரை வந்து உள்ளே மடிந்து மறையும். எண்ணை அடித்தபிறகு பொய்க் கோடு இழுத்திருந்தால், கோடு அந்த வரப்பைச் சிராய்த்துக்கொண்டு எழுத்தின் மேலேயே ஓடியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச், இவ்வளவு இருந்தால் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. டோனவாண்டாவில் அடித்த வரியும் கன்சாஸ் சிட்டியில் அடித்த வரியும் வேறு வேறு ஊர், வேறு வேறு பஞ்ச். எழுத்தின் உயரமும் வடிவமும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டு வரியும் ஒரே கைவண்ணம் போலத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அசல் என்று உறுதியான பரப்புகளின் படங்களைச் சேர்த்துவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிபுணர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாமல் அரைத்தெடுத்த எண்ணையும் சில சமயம் மீட்கலாம். பஞ்ச் விழுந்த இடத்தின் அடியில் உலோகத்தின் படிக அமைப்பு நசுங்கிக் குலைந்திருக்கும். எஃகில் அமிலம் பூசினால் அந்தப் பகுதி வேறு வேகத்தில் அரிபட்டு எண் மங்கலாக எழும்பும். வார்ப்பிரும்பில் இது அவ்வளவு சுலபமில்லை. அதற்குள் பரவிக்கிடக்கும் கிராஃபைட் செதில்கள் படத்தைக் குழப்பிவிடும்.

எண் இல்லாத பரப்பு என்றாலே மோசடி என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஓவர்ஹாலின்போது மேல்தளத்தை மட்டம் செய்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். வாரண்டியில் மாற்றிக்கொடுத்த பிளாக்குகளில் 'சிஇ' என்று தொடங்கும் வேறு எண் இருக்கும். அது நேர்மையான மாற்று. அதை மறைக்காமல் விற்பவரை நான் மதிக்கிறேன்.

கியர்பாக்ஸில் எல்எஸ்6க்கு உரிய மேனுவல் பெட்டி, ஜிஎம்மின் மன்சி தொழிற்சாலையில் செய்த எம்22. 'பி0சி12சி' என்ற முத்திரையில் பி மன்சி, 0 வருடம், நடுவில் உள்ள சி மார்ச், 12 நாள், கடைசி சி எம்22. காரின் வரிசை எண்ணும் அந்த உறையில் தனியாக அடித்திருக்கும். ஜனவரி முதல் மே வரை ஏ, பி, சி, டி, இ என்று ஒழுங்காகப் போகும் மாத எழுத்து, ஜூனுக்கு எச், ஜூலைக்கு கே, ஆகஸ்டுக்கு எம் என்று தாவும். இது தெரியாமல் முத்திரை அடித்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

முத்திரை இருப்பது வெளி அலுமினிய உறையில். உள்ளே எந்தப் பற்சக்கரம் என்பது வேறு கேள்வி. எம்22க்கும் அதே குடும்பத்துப் பெட்டியான எம்21க்கும் முதல் கியர் விகிதம் 2.20தான், எனவே சுற்றை எண்ணிப் பிரிக்க முடியாது. வித்தியாசம் பற்களின் சாய்வில். சாய்வு அதிகமானால் பற்கள் மெதுவாக ஒன்றோடொன்று பொருந்தி அமைதியாக ஓடும், ஆனால் சக்கரங்களை அச்சின் நீளவாக்கில் தள்ளும் விசையும் கூடும். அதிகத் திறனுள்ள இன்ஜினுக்கு அந்தத் தள்ளல் ஆகாது என்பதால் எம்22இல் பற்களின் சாய்வைக் குறைத்து வெட்டினார்கள். அதனால்தான் அது ஓடும்போது ஒரு கறகறப்பான முனகல் கேட்கும், 'ராக் கிரஷர்' என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். பெட்டியைக் கழற்ற வாய்த்தால் உள்வரும் தண்டைப் பாருங்கள். அதே குடும்பத்து எம்20இல் இரண்டு வளையக் கோடு, எம்21இல் ஒன்று, எம்22இல் ஒன்றுமே இருக்காது.

ரியர் ஆக்ஸிலில் காரின் எண்ணே கிடையாது. குழாயில் விகிதத்துக்கான குறியீடும் தேதியும் மட்டும் இருக்கும். ஆகவே இது இந்தக் காரோடுதான் வந்தது என்று ஆக்ஸிலைப் பற்றி யார் சத்தியம் செய்தாலும், தேதி பொருந்துகிறது என்பதற்கு மேல் இரும்பில் ஆதாரம் இல்லை. குறியீடு சொல்லும் விகிதம் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கலாம். இரண்டு பின்சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பாசிட்ராக்ஷன் (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும் டிஃபரென்ஷியல்) என்றால் மறு சக்கரமும் அதே திசையில் வரும், சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் எதிர்த்திசையில் போகும். அதே திசையில் வந்தால், சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்போது டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். நான்கைச் சற்றே தாண்டினால் 4.10, மூன்றேகாலைக் கொஞ்சம் தாண்டினால் 3.31.

கடைசியாக எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வரிசைப்படுத்த வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பிளாக் வார்த்தது மார்ச் 5, கியர்பாக்ஸ் மார்ச் 12, இன்ஜின் கோத்தது மார்ச் 16. இன்ஜின் அறைச் சுவரில் உள்ள தகட்டில் '04ஏ' என்றிருந்தால் கார் உருவானது ஏப்ரல் முதல் வாரம். சரி, கதை பொருந்துகிறது. இன்ஜின் கோத்த தேதிக்குப் பிந்தைய வார்ப்புத் தேதியோ, கார் தயாரான பிறகு செய்த கியர்பாக்ஸோ இருந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. பல மாதங்கள் பழைய பிளாக் என்றால் விளக்கம் கேட்க வேண்டும்.

தொழிற்சாலையில் காருக்குள்ளேயே விட்டுப்போன பில்ட் ஷீட் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் குறியீடுகள் அதில் இருக்கும். பெட்ரோல் டேங்கின் மேல்புறத்திலும் சீட் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் தேடுங்கள். டேங்க் மேல் இருந்த தாள் பெரும்பாலும் துருவும் ஈரமும் தின்று துண்டுதுண்டாகத்தான் வரும். மடிப்புக் கலையாத சுத்தமான தாளை யாராவது நீட்டினால், அதையும் லூப் வைத்துப் பாருங்கள்.