வெற்றுடல் கிட்டார்: ஒரு மறுப்பு

மயிலாடுதுறையில் இருக்கும் அக்கா மகன் திருவிழாக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கிறான். போன வாரம் ஒரு தமிழ்க் கட்டுரையைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டான். "மாமா, ‘வெற்றுடல் மின்கிட்டார்’னு போட்டிருக்கானே, சட்டை போடாத கிட்டாரா?"

முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல்தான் வந்தது. இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. மின்கிட்டாரில் ஒரு வகையான ஹாலோபாடி என்பதைத் துண்டு துண்டாக வெட்டி, ஹாலோவுக்கு வெற்று, பாடிக்கு உடல் என்று ஒட்டவைத்த வேலை இது. அவன் உண்மையில் கேட்க வந்தது வேறு. கையில் மலிவான ஹாலோபாடி ஒன்று இருக்கிறது. அதை விற்று, மேலே கடன் வாங்கிப் பிரீமியம் கிட்டார் வாங்குவதா, இதிலேயே பாகங்களை மாற்றிக்கொள்வதா என்பதுதான் கேள்வி. சொல்லைச் சரி செய்யாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்றேன். "ஆரம்பிச்சிட்டீங்களா" என்றான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹாலோ பழைய ஆங்கிலச் சொல். துளையைக் குறிக்கும் ஹோல் அதன் உடன்பிறப்பு. கிட்டார், கிரேக்கத்தின் கிதாரா அரபு வழியாக ஸ்பெயினுக்கு வந்து பெற்ற உருவம். கிதார் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஹாலோபாடி என்றால் மெல்லிய பலகைகளால் பெட்டிபோலக் கட்டி, உள்ளே காற்றுக்கு இடம்விட்டு, வயலினில் இருப்பதுபோல் இரு பக்கமும் துளை போட்டு, மேலே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) வைத்த மின்கிட்டார். அமெரிக்கக் கிட்டார் கம்பெனி கிப்சன் 1936-இல் கொண்டுவந்த ஈ.எஸ்.150 இந்த வகைதான். ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் கையில் அது பேர் வாங்கியது. அப்போது யாரும் அதை ஹாலோபாடி என்று பிரித்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. 1950-ஐ ஒட்டி ஃபெண்டர் என்ற இன்னொரு கம்பெனி முழுக்கட்டையில் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் அடைமொழி தேவைப்பட்டது. பிராய்லர் வருகிறவரை நம் வீட்டுக் கோழி வெறும் கோழிதானே? அது வந்தபிறகுதான் இது நாட்டுக்கோழி ஆயிற்று.

இனி வெற்றுக்கு வருகிறேன். வெற்றுப் பேச்சு, வெற்று வேட்டு, வெற்றுத் தாள். கும்பகோணம் வெற்றிலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பூவும் காயும் இல்லாத வெறும் இலை என்றுதான் அந்தப் பேருக்குப் பொருள் சொல்வார்கள். இருக்கவேண்டிய ஒன்று இல்லை என்றால்தான் அங்கே வெற்று வரும். வெற்றுடம்பு என்றால் மேலே துண்டுகூட இல்லாத உடம்பு என்பது எந்தக் கோயில் வாசலிலும் தெரியும். பையன் கேட்டது குறும்பு இல்லை. தமிழ் தெரிந்த காது அப்படித்தான் கேட்கும். ஹாலோபாடியில் எதுவும் குறையவில்லை. உள்ளே இருக்கும் காற்றுக்காகத்தான் அத்தனை பலகையையும் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். தவிலை யாராவது வெற்றுக்கட்டை என்பார்களா? எங்கள் பக்கம் பழைய வீடுகளில் பத்தாயம் இருக்கும். அறுவடைக்கு முன்னால் அதில் ஒரு மணி நெல் இருக்காது. அப்போதும் அது பத்தாயம்தான்; வெற்றுப்பெட்டி என்று சொன்னால் பாட்டி வாயிலேயே போட்டிருப்பாள்.

‘உள்ளீடற்ற’ என்று ஒரு கட்சி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் உள்ளீடற்ற அரைக்கோளம், உள்ளீடற்ற உருளை எல்லாம் படித்த பழக்கம். கனஅளவு கண்டுபிடிக்க அது போதும். வாத்தியத்துக்கு வைத்தால் அதுவும் ‘அற்ற’ என்று இல்லாமையில்தான் போய் முடிகிறது. ‘குடைவுடல்’ கொஞ்சம் பரவாயில்லை. குடைவரை, குடைதல் என்று நல்ல குடும்பம். ஆனால் எல்லா ஹாலோபாடியும் குடைந்து செய்ததில்லை. 1949-இல் வந்த கிப்சனின் ஈ.எஸ்.175-க்கு மேல்பலகையே மேப்பிள் ஒட்டுப்பலகை. தகடுகளை அடுக்கி அழுத்தி வளைத்தது. 1951-இல் வந்த எல்.5-இன் மின்வடிவம்தான் ஸ்புரூஸ் மரத்தைச் செதுக்கிச் செய்தது. வீணையில் ஒரே பலாமரத்தைக் குடைந்தால் ஏகாண்டம், தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு என்று இரண்டு உண்டு. ஒட்டு வீணையை ஏகாண்டம் என்று சொல்லி விற்றால் தஞ்சாவூரில் சும்மா விடமாட்டார்கள்.

பழைய சொல் ஒன்று என்னை ரொம்ப நாள் ஆசைகாட்டியது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை தொடங்கிய கையோடு யாழை வருணிக்கிறது: "குளப்புவழி அன்ன கவடுபடு பத்தல்". மான்குளம்பு மண்ணில் பதிந்த தடம்போல நடு உயர்ந்து இரு பக்கமும் தாழ்ந்திருக்கும் பத்தல் என்று உரை சொல்கிறார்கள். யாழின் ஒலி பிறக்கும் வயிறுதான் பத்தல். பத்தர் என்றும் சொல்வதுண்டு. நடு மேடிட்ட கிட்டாரின் மேல்பலகைக்கு இதைவிடப் பொருத்தமாக இனி ஒருவர் எழுதப்போவதில்லை. 1947-இல் பழந்தமிழ் யாழை ஆராய்ந்த விபுலானந்தரின் யாழ்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய ஊர்க்காரர்கள் நாங்கள். பத்தலுக்குப் பரிந்து பேச எங்களைவிட உரிமை யாருக்கு? அந்தத் துணிச்சலில் "பத்தல் கிட்டார்னு சொல்லேன்டா" என்றேன். "என்ன மாமா பத்தல? பணமா?" என்றான். அதோடு விட்டுவிட்டேன். இன்றைய காதுக்குப் பற்றாக்குறையாகக் கேட்கும் சொல்லை எவ்வளவு பழமை இருந்தாலும் வாழவைக்க முடியாது.

என் வாக்கு குடத்துக்கு. வீணையின் ஒலி பிறக்கும் வயிற்றுக்குத் தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் இன்றைக்கும் தினம் சொல்லும் சொல் அது. குடம், தண்டி, கம்பியைத் தாங்கும் குதிரை, மெட்டு, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடை என்று பாகங்களுக்கு எல்லாம் பேர் தயாராக இருக்கிறது. கிட்டாருக்கு எடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்கவேண்டாம். குடக்கிட்டார். 1958-இல் வந்த ஈ.எஸ்.335 மாதிரி, உள்ளே நடுவில் ஒரு மரத்துண்டை நீளவாக்கில் வைத்தது நடுக்கட்டைக் கிட்டார். முழுமரத்தில் செய்தது பலகைக் கிட்டார். குடமே வேண்டாம், குடமாகவே இல்லையே என்று ஒரு நண்பர் சொன்னார். வீணையின் குதிரை மட்டும் புல் தின்கிறதா?

அந்தக் கட்டுரையை மேலே படித்தால் இன்னும் கூத்து. "வெற்றுடல் கிட்டார்கள் அதிகப் பின்னூட்டம் தரும்" என்று ஒரு வரி. ஃபீட்பேக்குக்கு அவர் போட்ட சொல். யாருக்குத் தரும், எழுதியவருக்கா? பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயர்) சத்தம் குடத்துக்குள் புகுந்து, பலகையையும் கம்பியையும் அதிரவைத்து, அது மறுபடி பிக்கப் வழியாகப் பெருக்கிக்கே போய்ச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதே, அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். மைக்செட்காரரைக் கேட்டிருந்தால் "ஊளையிடுது" என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பார். பிரீமியத்துக்கு ‘முனைமம்’ என்று போட்டிருக்கிறார், எல்.ஐ.சி. தவணை கட்டப் போகிற நினைப்பு. அப்கிரேடுக்கு ‘தரம் உயர்த்துதல்’. நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெயர்ப்பலகை முதலில் மாறும், கட்டடம் நாலு வருஷம் கழித்து வரும். பாகம் மாற்றுதல் என்றால் என்ன குறைந்துவிடும்? மராமத்து என்றுகூடச் சொல்வேன். அரபுச் சொல்தான், ஆனால் குடிமராமத்து பார்த்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. இந்த மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

இப்போது பையனின் கேள்வி. பிக்கப், வயரிங், பிருடை, குதிரை, கம்பி ஏறி உட்காரும் மேற்கட்டை எல்லாவற்றையும் மாற்றலாம். குடக்கிட்டாரில் வயரிங் மாற்றுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். பின்னால் திறக்க மூடி இருக்காது, பக்கத்துளை வழியாக நூல் கட்டி ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கவேண்டும். மாற்றவே முடியாதது குடம். பலகை எவ்வளவு மெல்லிசு, உள்ளே தாங்குகட்டை எப்படி ஒட்டியிருக்கிறது, பூச்சு எவ்வளவு கனம் என்பதெல்லாம் செய்த அன்றே முடிவானவை. ஜப்பானில் செய்யும் கிரெட்ச் கம்பெனிக் குடக்கிட்டாருக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் அதில் பெரும்பங்கு இந்த வேலைக்குத்தான். வெற்றுடல் என்று படித்தவனுக்கு, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

"உன் திருவிழா மேடையில பக்கத்துலயே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி அடுக்கியிருப்பாங்க. அங்க எவ்வளவு நல்ல குடமும் ஊளைதான் விடும். முதல்ல வயரைப் பிடுங்கிட்டு, சந்தையில பானை வாங்குற மாதிரி விரலால தட்டிப் பாரு" என்றேன்.

மறுநாள் செய்தி அனுப்பியிருந்தான்: "குடம் நல்லாத்தான் இருக்கு மாமா. பிருடைதான் நிக்கல."