டர்ன்டேபிளில் ஏது தோட்டா?

"பழைய டர்ன்டேபிளின் தோட்டாவை மாற்றினாலே ஒலி மேம்படும்." இந்த மாதிரி வரி மறுபடியும் கண்ணில் பட்டது. டர்ன்டேபிள் என்பது இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவி. அதில் ஊசியைத் தாங்கும் 'கார்ட்ரிட்ஜ்' என்ற சின்னப் பாகத்தைத்தான் தோட்டா ஆக்கியிருக்கிறார்கள். சுடப் போகிறோமா, பாட்டுக் கேட்கப் போகிறோமா?

கார்ட்ரிட்ஜ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலம், காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியக் 'கார்த்தா'. வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டிய காலத்துப் பெயர், அப்புறம் கழற்றி மாட்டும் சின்னச் சாமான்களுக்கெல்லாம் பரவிவிட்டது.

தோட்டா சிரிப்புக்கிடம் என்று புரிந்தவர்கள் 'பொதியுறை' என்கிறார்கள். பிரிண்டருக்குச் சரி, உள்ளே மை பொதிந்திருக்கிறது, தீர்ந்தால் மாற்றுகிறோம். டர்ன்டேபிளில் எது பொதிந்திருக்கிறது? இசைத்தட்டின் பள்ளத்தில் வைர ஊசி அதிர்கிறது. ஊசித்தண்டின் மறுமுனையில் குட்டிக் காந்தம். அது அசைய, பக்கத்துக் கம்பிச்சுருளில் சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கிறது. பல வீடுகளில் இருக்கும் வகை இது. இதில் தீர்ந்துபோக எதுவுமில்லை, தேய்வது ஊசிதான். ஆர்ட்டோஃபோன் கம்பெனியின் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர் ஊசியை மட்டும் உருவிவிட்டு 2எம் புளூவின் ஊசியைச் செருகலாம். ரெட்டில் உலோகக் காலில் ஒட்டிய வைர நுனி. புளூவில் முழு வைரமே தண்டில் உட்காருகிறது. எடை குறைவு, அதனால் பள்ளத்தின் நுண்ணிய நெளிவையும் விடாமல் பிடிக்கும். "பொதியுறையை மாற்றுக" என்று படித்தவருக்கு இது எப்படித் தெரியும்? முழுசுக்கும் காசு கொடுத்துவிட்டு வருவார்.

நான் 'ஊசித்தலை' என்பேன். டேப் ரெக்கார்டரின் 'ஹெட்' தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அப்படியானால் ஹெட்ஷெல்லுக்கு என்ன என்பார்கள். அது அந்தத் தலை உட்காரும் இடம், 'தலைக்கூடு' போதும். கார்ட்ரிட்ஜ் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. வழிதப்ப வைக்கும் தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

அகராதியின் முதல் பொருளோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். ஊசிக்கு ஆங்கிலத்தில் ஸ்டைலஸ். அதை 'எழுத்தாணி' என்கிறார்கள். லத்தீனில் அது எழுத்தாணிதான். ஆனால் எழுதுவது தட்டு வெட்டும் இயந்திரத்தின் முனை. நம் வீட்டு ஊசி படிக்க மட்டுமே செய்கிறது. ஊசி தட்டை அழுத்தும் அளவான டிராக்கிங் ஃபோர்ஸ் 'கண்காணிப்பு விசை' ஆகிவிட்டது! 2எம் ரெட்டுக்கு ஊசி அழுத்தம் 1.8 கிராம் என்று எழுதினால், வாங்கியவர் குட்டித் தராசை வைத்துச் சரிபார்த்துவிடுவார். கண்காணிப்பு விசை 1.8 கிராம் என்றால் போலீஸ் ஸ்டேஷனில்தான் விசாரிக்க வேண்டும்.