கழிவு என்றால் குறைய வேண்டாமா?

நான் சிங்கப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஓர் அம்மா நான்காக மடித்த பில்லோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கணவருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பில் 20,000 வெள்ளி. அதில் 5,150 வெள்ளியை அவர்கள் கட்ட வேண்டும்.

“எல்லாம் காப்புறுதியே கட்டிவிடும் என்று ஏஜெண்ட் சொன்னாரேம்மா” என்றார்.

டிடக்டிபிள் என்ற வரியைக் காட்டி, “இது கழிவுத்தொகை” என்றேன். அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. “கழிவா? அப்படியானால் குறைய வேண்டுமே!”

அவர் மேல் தவறே இல்லை. தேக்கா கடைகளில் கழிவு என்றால் தள்ளுபடி. காப்புறுதியில் அதன் பொருள் நேர் எதிர். காப்புறுதி நிறுவனம் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டவேண்டிய முதல் தொகை அது. அன்றிலிருந்து நான் ‘நம் முதல் பங்கு’ என்றே சொல்கிறேன்.

அடுத்த வரியும் இப்படித்தான் ஏமாற்றும். கூட்டுக் காப்புறுதி என்றதும் கூடுதலாக இன்னொரு காப்புறுதி சேர்ந்து உதவப்போகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் இரண்டாவது பங்கு. அந்த அம்மாவின் பில்லில் முதல் பங்கு 3,500 வெள்ளி. மீதி 16,500. அதில் 10 விழுக்காடு, அதாவது 1,650 வெள்ளி, மறுபடியும் அவர்களுடையது. இரண்டையும் கூட்டிப் பேனாவால் எழுதிக் காட்டியபோதுதான் அவருக்குக் கணக்கு பிடிபட்டது. அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் திட்டத்திலும் இதே வரிசைதான். அங்கே இரண்டாவது பங்கு 3 முதல் 10 விழுக்காடு வரை. இந்தப் பங்குகளை நம் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்கிலிருந்து கட்டலாம், ஆனால் அதற்கும் உச்சவரம்பு உண்டு.

நம் பங்கைக் குறைக்க அடிப்படைத் திட்டத்தோடு சேர்த்து வாங்கும் துணைத் திட்டம்தான் ரைடர். ‘ரைடர் இருக்கிறது, கவலை இல்லை’ என்பவர்களும் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் புதிதாக விற்கப்படும் ரைடர்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடு கட்டியாக வேண்டும். 2026 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், சுகாதார அமைச்சு விதித்த குறைந்தபட்சக் கழிவுத்தொகையை ஈடுசெய்யக் கூடாது. அண்ணன் பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய ரைடரை வைத்துத் தம்பி தன் பில்லைக் கணக்கிட முடியாது.

காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உத்தரவாதக் கடிதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் பணம் வந்துவிட்டதாகவே பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்தக் கடிதத்தால் சேர்க்கையின்போது வைப்புத்தொகை கட்டுவது தவிரும் அல்லது குறையும், அவ்வளவுதான். கோரிக்கையை நிறுவனம் பிறகுதான் பரிசீலிக்கும். பழைய நோயை விண்ணப்பத்தில் மறைத்திருந்தால் அப்போது மறுக்கலாம், பில்லின் பெரும்பகுதி குடும்பத்தின் தலையில் விழும். அப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என் முன்னால் பேச்சற்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு எதையும் விடாமல் எழுதுங்கள்.

இனி, நல்ல செய்தி ஒன்று. கழிவுத்தொகை காப்புறுதி ஆண்டுக்கு ஒரு முறைதான். அதே ஆண்டில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் பங்கு மீண்டும் வராது. காப்புறுதி ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதல்ல, உங்கள் திட்டம் தொடங்கிய தேதியிலிருந்து ஓடுவது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது இந்தத் தேதியை ஏன் யாருமே கேட்பதில்லை என்று எனக்கு எப்போதும் ஆதங்கம்.

அந்த அம்மாவின் கணவருக்கு அடுத்து கண்புரை அறுவை சிகிச்சை. என் மேசையிலேயே ஏஜெண்டுக்குப் போன் போட்டார். முதல் கேள்வியே, “தம்பி, எங்கள் ஆண்டு எந்த மாதத்தோடு முடிகிறது?”