வாரத்துக்கு ஒண்ணுதான், தெனமும் இல்ல

போன மாசம் ஒரு பாட்டியம்மாவ அவங்க பசங்க கூட்டிட்டு வந்தாங்க, வயசு 72, பத்து நாளா சாப்பாடு எறங்கல, வாந்தி, மோஷன் போகல, பேச்சும் கொஞ்சம் ஒளறலா இருக்குன்னு ஸ்ட்ரோக்கா இருக்குமோன்னு எல்லாரும் பயந்து போயிருந்தாங்க. தலை ஸ்கேன் நார்மல். ரத்தத்துல கால்சியம் பாத்தா 13-க்கு மேல, சாதாரணமா 10.5 தாண்டக் கூடாது. மாத்திரைப் பைய கொட்டுங்கன்னு சொன்னேன், காலி பவுடர் கவர் ஒரு கட்டு விழுந்துச்சு. விட்டமின் டி, 60,000 யூனிட், அளவு மீறினா ரத்தத்துல கால்சியத்த ஏத்தறதே அதுதான். வாரத்துக்கு ஒண்ணுன்னு 8 வாரத்துக்கு எழுதிக் குடுத்தத, அம்மா தெனமும் ராத்திரி பால்ல கலக்கி ரெண்டு மாசமா குடிச்சிருக்காங்க. "முட்டி வலிக்கு நல்லதுன்னாங்களேப்பா"ங்கறாங்க!

விட்டமின் சி மாதிரி அதிகமானா யூரின்ல போயிடற சமாச்சாரம் இல்ல இது, கொழுப்புல போய் தங்கிடும். பவுடர நிறுத்தி, ட்ரிப்ஸ் ஏத்தி, அப்பவும் கால்சியம் முழுசா எறங்க வாரக்கணக்கா ஆச்சு, கிட்னி தப்பிச்சதே பெருசு.

குறைபாடு நெஜமாவே இருந்தா அந்த 60,000 வேணும்தான், நானே எழுதறேன். ஆனா அது டானிக் இல்லைங்க. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 600 யூனிட்னுதான் ஐசிஎம்ஆரே, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லுது. ஆஸ்திரேலியால 70 வயசு தாண்டின பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையா 5 லட்சம் யூனிட் குடுத்துப் பாத்தாங்க, 2010-ல ரிசல்ட் வந்துச்சு, எலும்பு ஒடையறது கொறையும்னு பாத்தா டம்மி மாத்திரை குடிச்சவங்கள விட இவங்கதான் அதிகமா விழுந்து அதிகமா ஒடைச்சிக்கிட்டாங்க. அமெரிக்கால 25,000 பேருக்கு மேல வெச்சு பண்ணி 2022-ல ரிசல்ட் வந்த ஆராய்ச்சிலயும், குறைபாடு இருக்கா இல்லையான்னு பாக்காம பொதுவா எல்லாருக்கும் தெனம் 2,000 குடுத்ததுல எலும்பு முறிவு ஒண்ணும் கொறையல.

வயசானவங்களுக்கு இடுப்பு ஒடையறதுக்குக் காரணத்த தேடினா பாதி நேரம் பாத்ரூம்லதான் நிக்கும். ராத்திரி எந்திரிச்சுப் போறது, ஈரத் தரை, லைட் போடறதில்ல, தூக்க மாத்திரை வேற, எந்திரிச்ச ஒடனே பிபி எறங்கி தலை சுத்தல். ஒரு கைப்பிடி கம்பி மாட்டச் சொன்னா வீட்டுல யாரும் காதுலயே போட்டுக்கறதில்ல, பவுடருக்கு மட்டும் சண்டே கூட கடை தேடுவாங்க. எலும்பு தேஞ்சிருக்கான்னு டெக்ஸா ஸ்கேன் சொல்லும், தேஞ்சிருந்தா அதுக்கு மருந்தே தனி.

கால்சியம் மாத்திரை கூட ஓடுதுன்னா இன்னொண்ணு, காலைல தைராய்டு மாத்திரையோட சேத்து முழுங்காதீங்க, 4 மணி நேரம் இடைவெளி விடுங்க.

நான் இப்பல்லாம் கிழமைய கவர்லயே எழுதிடறேன். அந்த பாட்டிக்கு இனி டி வேணாம், ஆனா மத்தவங்க கிட்ட, சனிக்கிழமை பெருமாளுக்கு வெளக்கேத்துவீங்கல்ல, அன்னிக்கு மட்டும் ஒண்ணு, 8 சனிக்கிழமை முடிஞ்சதும் நிறுத்திட்டு என்னைய வந்து பாருங்கன்னு சொல்றேன், இது வரைக்கும் யாரும் மாத்திக் குடிக்கல.