வாடகை நின்றுபோன கடைக்குப் பூட்டுப் போடலாமா?

பினாங்கு லிட்டல் இந்தியாவோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸோ, மூன்று மாத வாடகை நின்றதும் கடைச் சொந்தக்காரர் கை பூட்டைத்தான் தேடும். போடக்கூடாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாடகைக்காரர் உள்ளே இருந்தால், நீதிமன்றம் வழியாக மட்டுமே இடத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது மலேசியாவின் 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2). "பாக்கி வைத்தால் பூட்டலாம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதே என்று நம்பிப் பூட்டுவதும் மின்சாரத்தை நிறுத்துவதும் ஆபத்து. பாக்கி வைத்தவரே நஷ்டஈடு கேட்டு எதிர்வழக்குப் போட இடம் கிடைத்துவிடும்.

முதல் வேலை நோட்டீஸ். எந்தெந்த மாதம், எவ்வளவு பாக்கி, எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும் என்று எழுதி, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்பியதை நோட்டீஸ் என்று நிரூபிப்பது பெரும்பாடு. கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து கடிதம் கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ரத்து செய்த மறுமாதம் வாடகைக்காரர் வங்கியில் போடும் பணத்தை "வாடகை" என்று ரசீது எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் தொடர்வதாகச் சொந்தக்காரரே ஒப்புக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு வாதாட அந்த ரசீது போதும். "உரிமையை விட்டுக்கொடுக்காமல், இடத்தில் இருந்ததற்கான ஈடாக" என்று எழுதித்தான் வாங்க வேண்டும்.

ரத்தான பின்னும் காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் பிரிவு 28(4) இடம் தருகிறது. மாதம் 4,000 ரிங்கிட் கடையில் மூன்று மாதம் ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கு 12,000 அல்ல, 24,000.

சொந்தக்காரர்–வாடகைக்காரர் வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு கிடையாது. மற்ற பெரும்பாலான சிவில் வழக்குகளுக்குள்ள ஒரு மில்லியன் ரிங்கிட் வரம்பு இதற்குப் பொருந்தாது. தீர்ப்பு கிடைத்தாலும் கதவைத் திறந்து இடத்தை மீட்டுத் தருவது பெய்லிப் எனப்படும், உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரிதான்.

பாக்கி மட்டும் வந்தால் போதும் என்றால் 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் வரையிலான பாக்கிக்கு, எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலே உத்தரவு கேட்கலாம். பெய்லிப் வந்து கடையிலுள்ள சாமான்களைப் பட்டியல் போடுவார். எல்லாவற்றையும் தொட முடியாது: தையல் கடையில் வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணி, அந்த நேரத்தில் ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் போன்றவை விலக்கு.

வாடகைக்காரர்கள் செய்யும் தப்பு வேறு மாதிரி. "ரெண்டு மாச டெபாசிட் இருக்குல்ல, அதில் கழிச்சுக்குங்க" என்று கடைசி இரண்டு மாதம் கட்டாமல் விடுவது. ஒப்பந்தம் அதற்கு இடம் தராவிட்டால் அது பாக்கிதான். புதுப்பிக்கும் உரிமையையும் வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தம் சொன்ன தேதிக்குள் எழுத்தில் கேட்காவிட்டால் அது போய்விடும்.

இருவரும் மறப்பது முத்திரை. கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வாரியத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அபராதத்தோடு கட்டிவிட்டு வரச் சொல்லும். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிவும் வேண்டும். மூன்று ஆண்டு, பிறகு புதுப்பித்தால் இன்னும் மூன்று ஆண்டு என்று "3+3" ஆகப் பிரித்து எழுதும் வழக்கம் இதனால்தான். மூன்று ஆண்டுக்கு உட்பட்டதையும் பட்டாவில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கட்டடத்தை வாங்கும் புதியவரை உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது.

காலி செய்யும் நாளில் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மீட்டர் எண், சாவி எத்தனை, தேதி, நேரம் எழுதிச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இரட்டை வாடகைக் கணக்கு இடம் அவர் கைக்குப் போகும் வரை ஓடும்.